போஸ்டரில் நான் எழுதிய ஒரு வரி

அன்று மத்தியானம் எங்கள் காலேஜ் லைப்ரரியில் உட்கார நாற்காலி இல்லை.

அப்படி ஒரு நாளை அதற்கு முன் யாரும் கண்டதில்லை. சாதாரணமாக அந்த நேரத்தில் பேப்பர் மேஜையில் இரண்டு பேர் விளையாட்டுப் பக்கத்துக்குக் காத்திருப்பார்கள். மின்விசிறிக்கு நேர் கீழே எம்.ஏ. படிக்கும் அண்ணன் ஒருவர் கை மேல் தலை வைத்துத் தூங்குவார். அவ்வளவுதான். அன்றோ வாசலில் ஈரக் குடைகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. பின் வரிசையில் ஏழு பையன்கள் ஒரே பொருளாதாரப் புத்தகத்தின் மேல் குனிந்திருந்தார்கள். மழை ஈரமும் நாப்தலின் உருண்டையும் கலந்து ஒரு வாசம்.

ரோஸ்லின் மேடம்தான் எங்கள் நூலகர். (பெயரை மாற்றியிருக்கிறேன்.) என்னைக் கண்டதும் கை காட்டிக் கூப்பிட்டார்.

"ஏ பிள்ளே ஷைனி, தமிழ் டிபார்ட்மென்டுல ஒரு பெஞ்சு கேட்டு வச்சிருக்கேன். ஒரு பக்கம் பிடிக்கியா?"

பிடித்தேன். வராந்தா வழியாக இரண்டு பேரும் அந்தப் பெஞ்சைத் தூக்கி வந்தோம். மேடத்துக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சம்.

"பாத்தியா? பிள்ளைகளுக்கு வாசிக்கணும்னு ஒரு எண்ணம் வந்திருக்கு. பதினெட்டு வருஷத்துல நான் இப்பிடிக் கண்டதில்ல, கேட்டியா? இன்னும் பத்து நாற்காலி வேணும்னு பிரின்ஸ்பாலுக்கு எழுதிக் குடுத்திருக்கேன்."

நான் பெஞ்சைக் கீழே வைத்துவிட்டு விரல்களைத் தேய்த்துக்கொண்டேன்.

அந்தப் பிள்ளைகள் வாசிக்க வந்தவர்கள் இல்லை. மேடத்தைப் பார்க்க வந்திருந்தார்கள். அவர்களை அங்கே வரவைத்தது நான்.

பதினொரு பேர்

காலேஜ் நாகர்கோவிலுக்குப் பக்கத்தில். நான் ஆங்கில இலக்கியம் கடைசி வருஷம். நெய்யூரிலிருந்து பஸ்ஸில் வந்து போவேன். அந்தோணி வரலாறு, அவனும் கடைசி வருஷம். கடற்கரைப் பையன். காலேஜ் நாடகக் குழு என்றால் அது அவன்தான். எழுதுவது, நடிக்கவைப்பது, செட்டுக்கு ஆணி அடிப்பது எல்லாம் அவனே.

அதற்கு முந்தைய வருஷம் அவன் போட்ட நாடகத்துக்குப் பதினொரு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் மைக் செட்காரர். இன்னொருவர் எப்போது ஹாலைப் பூட்டலாம் என்று பார்க்க வந்த வாட்ச்மேன். நாடகம் முடிந்து விளக்கு எரிந்தபோது அந்தோணி மேடையில் நின்று எண்ணினான். விரல் நீட்டி, ஒவ்வொருவராக. எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

இந்த வருஷம் என்னிடம் வந்தான்.

"மக்கா, நீ விளம்பரத்தெ பாத்துக்க. உனக்க தொண்டை பெரிசுல்லா."

தொண்டை பெரிதுதான். எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிக்க என்னைத்தான் நிறுத்துவார்கள். மைக் கெட்டுப்போனால் யாரும் கவலைப்பட மாட்டார்கள்.

விளம்பரம் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் ரோட்டில் சர்க்கஸுக்கு ஜீப் வரும். கூம்பு ஸ்பீக்கரில் ஒரு ஆள் பேசிக்கொண்டே இருக்க, பின்னாலிருந்து ஒரு கை ரோஸ் நிற நோட்டீசுகளை வீசும். நாங்கள் ஓடுவோம். நோட்டீசைப் பிடித்ததும் யாரும் வாசித்ததில்லை, எத்தனை பிடித்தோம் என்றுதான் கணக்கு. சர்க்கஸுக்கு எங்களில் ஒருவரையும் கூட்டிப்போனதில்லை என்பது வேறு விஷயம்.

மாடு தின்ற சுவரொட்டி

நாடகத்தின் பெயர் 'நாளைக்கு ஃப்ளைட்'. புருஷன் வளைகுடாவில். ஃபோன் பண்ணும்போதெல்லாம் வருகிறேன் என்கிறான். மனைவி ஊரில் காத்திருக்கிறாள். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு வீட்டில் இதுதான் கதை.

பெயரைக் கேட்டுக் காமெடி நாடகம் என்று சிலர் நினைத்தார்கள். நான் அதைத் திருத்தவில்லை.

சார்ட் பேப்பரில் கையாலேயே முப்பது போஸ்டர் எழுதினேன். ஒவ்வொன்றிலும் ஆபீசில் சீல் வாங்கவேண்டும். சீல் வைக்கிறவர் எழுத்துப் பிழை பார்ப்பாரே தவிர விஷயத்தைப் பார்க்க மாட்டார். ஹாஸ்டல் சமையல்கார அக்கா மைதா பசை காய்ச்சித் தந்தார். சைக்கிள் ஷெட், கேன்டீன் சுவர், தண்ணீர்த் தொட்டி, பெண்கள் ஓய்வறை, எதிரே பஸ் ஸ்டாப் என்று ஒட்டினோம்.

பஸ் ஸ்டாப்பில் ஒட்டியதை அன்று மத்தியானமே ஒரு மாடு தின்றுவிட்டது. பசையில் மயில்துத்தம் கலந்தால் மாடு தொடாது என்று பிறகு ஒருவர் சொன்னார். மாட்டுக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. அதனால் கலக்கவில்லை.

வகுப்பு வகுப்பாகப் போயும் சொன்னேன். "எக்ஸ்கியூஸ் மீ சார், ஒரு அனவுன்ஸ்மென்ட்." வாத்தியார்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். பிள்ளைகள் ஜன்னலைப் பார்ப்பார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்பான்:

"அக்கா, அட்டெண்டன்ஸ் உண்டா?"

கிடையாது என்றால் முடிந்தது. போதாததற்கு நாடகம் இரண்டரைக்கு. மூணே முக்காலுக்குப் பஸ்.

உண்மைக் கதை

நாடகத்துக்குப் பத்து நாள் இருந்தது. கேன்டீனில் உட்கார்ந்து புதிதாக எழுதிய போஸ்டர்களில், கீழே மிச்சமிருந்த இடத்தில், சிவப்பு மார்க்கரால் ஒரு வரி சேர்த்தேன்.

'நம் கல்லூரியில் நாம் தினமும் பார்க்கும் ஒருவரின் உண்மைக் கதை.'

யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை. வெற்றிடமாக இருந்தது, எழுதினேன். அந்தோணி படித்துவிட்டு, "கொள்ளாம் மக்கா" என்றான். நல்லா இருக்கிறது என்று அர்த்தம்.

மறுநாள் காலையிலேயே போஸ்டர் முன்னால் ஆள் நின்றார்கள். முதல் முறையாக. யார், யார் என்று என்னிடமே வந்து கேட்டார்கள். நான் சிரித்துக்கொண்டு, "வந்து பாருங்க" என்றேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் கூசுகிறது.

காலேஜுக்குள் செல்ஃபோன் கொண்டுவரக் கூடாது. எல்லாரும் கொண்டுவந்தார்கள். ஒரு நாளைக்கு நூறு மெசேஜ் இலவசம் என்ற காலம். முதலில் கேன்டீன்கார அண்ணனின் தங்கை என்றார்கள். பிறகு கெமிஸ்ட்ரி லேப் மிஸ் என்றார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் என் ஃபோனுக்கே ஒரு மெசேஜ் வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ்.

'லைப்ரரி மேடத்தின் கதைதானாம். நாலு வருஷமாகப் புருஷனைக் காணவில்லையாம்.'

ரோஸ்லின் மேடத்தின் கணவர் வளைகுடாவில் என்பது எல்லாருக்கும் தெரியும். அவர் லீவில் வந்து யாரும் பார்த்ததில்லை என்பதும் தெரியும். மற்றதை எல்லாரும் தாங்களே சேர்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் கறுப்புப் பெயின்ட் வாங்கி, எல்லாப் போஸ்டரிலும் அந்த ஒரு வரியை மட்டும் அழித்தேன். அத்தனை புத்தி எனக்கு. மத்தியானத்துக்குள் காலேஜ் முழுக்கப் பரவிவிட்டது, மேடம் புகார் கொடுத்து பிரின்சிபால் அழிக்கச் சொன்னாராம் என்று. ஒரு பையன் நகத்தால் பெயின்டைச் சுரண்டிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

அதற்கடுத்த நாள்தான் லைப்ரரியில் நாற்காலி இல்லாமல் போனது. பெஞ்சைத் தூக்கிப் போட்ட கையோடு அந்தோணியைத் தேடிப் போனேன். ஹாலில் செட்டுக்குக் கதவு செய்துகொண்டிருந்தான்.

"நாடகத்தெ தள்ளிப் போடுவோம்" என்றேன்.

வாயிலிருந்த ஆணியை எடுத்துவிட்டுச் சொன்னான்: "நமக்கு இனி வருஷமில்ல மக்கா. மார்ச்சோட போயிருவோம். ஆளு வருது. வரட்டும்."

"மேடத்தெ பாக்கல்லா வாறானுவ."

"வந்து உக்காந்த பிறவு நாடகத்தத்தானே பாக்கணும்? பதினொரு பேருக்கு நான் போட்டாச்சு. நீ கண்டில்லா?"

கண்டேன்தான்.

உள் அறை

இரண்டு நாள் கழித்து மேடத்துக்கு விஷயம் தெரிந்துவிட்டது. லைப்ரரி அட்டெண்டர் சொல்லியிருக்கிறார். அதைக் கேள்விப்பட்டு நான் போனேன். வாசிப்பு அறையில் அன்றும் கூட்டம். மேடம் மேஜையில் இல்லை. கிழிந்த புத்தகங்கள் கிடக்கும் உள் அறையில் ஸ்டூல் போட்டு, புத்தக முதுகில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"மேடம், அந்த வரியெ எழுதினது நான்."

அவர் நிமிரவில்லை. "என்னெ நெனச்சா எழுதின?"

"இல்ல மேடம். ஆரையும் நெனைக்கல்ல. ஆளு வரணும்னு சும்மா எழுதினேன்."

"சும்மா" என்றார். லேபிளை விரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தார். ஒட்டிய பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"எங்க வீட்டுல உள்ளவரு வந்து நாலு வருஷமாச்சு, தெரியுமா?"

எனக்குப் புரியவில்லை.

"கட்டட வேலையில மேல இருந்து விழுந்துட்டாரு. இடுப்புக்குக் கீழ அசைவில்ல. கொட்டாரம் ஊருல எங்க வீட்டுலதான் கெடக்காரு. பக்கத்து வீட்டுக்காரங்களுக்குத் தெரியும். இங்க ஆருட்டெயும் நான் சொல்லல்ல."

வெளியே யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அவர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இங்க உள்ளவங்க கேப்பாங்க, அவரு எப்ப லீவுக்கு வாறாருன்னு. அடுத்த வருஷம்பேன். அதச் சொல்லும்போது எனக்கு ஒரு நிமிஷம் அது உண்மை மாதிரி இருக்கும். எட்டு மணிநேரம் நான் அப்பிடி இருந்துட்டுப் போவேன். அது ஆருக்கு என்ன கேடு செஞ்சுது பிள்ளே?"

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. கோபம்தான் இருந்தது. நான்தான் அழுதேன். அது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்திருக்கும்.

"நான் எல்லா கிளாஸ்லயும் போய் பொய்யின்னு சொல்லிருதேன் மேடம்."

"நீ ஒண்ணும் சொல்லண்டாம். நீ வாயத் தெறந்தா இன்னும் நூறு பேரு வருவான். நாடகத்தெ நடத்து. அன்னைக்கு நான் லீவு." லேபிள் ஒட்டிய புத்தகத்தைத் தள்ளி வைத்தார். "போறப்போ அந்தப் பெஞ்ச தமிழ் டிபார்ட்மென்டுல கொண்டு போட்டுரு."

உட்கார்ந்திருந்த நாலு பேரை எழுப்பி, அட்டெண்டரும் நானுமாக அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டோம்.

மேடமும் அவர் கணவரும் இன்று உயிரோடு இல்லை. அவர்கள் மகளிடம் ஃபோனில் கேட்டு, எழுதுங்கள் என்று அவர் சொன்ன பிறகே இதை எழுதுகிறேன்.

இரண்டாம் காட்சி

நாடகத்தன்று ஹால் கொள்ளவில்லை. ஸ்டீல் நாற்காலிகள் நிறைந்து, ஜன்னல் கட்டை மேல் பையன்கள். வேறு டிபார்ட்மென்ட் வாத்தியார்கள்கூட வந்து முன் வரிசையில் இருந்தார்கள். ஓரத் திரைக்குப் பின்னால் நின்று அந்தோணி கூட்டத்தைப் பார்த்தான். அவன் உதடு அசைந்தது. எண்ணத் தொடங்கி, விட்டுவிட்டான்.

மனைவியாக நடித்தவள் சுபிதா, இரண்டாம் வருஷப் பெண். முதல் காட்சி நன்றாகவே போனது. இரண்டாம் காட்சியில் அவள் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு, "எப்ப வாறிய?" என்று கேட்கவேண்டும். கேட்டாள்.

பின் பக்கத்திலிருந்து ஒரு ஆண் குரல்: "லைப்ரரி பூட்டின பிறவு வாறேன் மேடம்!"

ஹால் அதிர்ந்தது. ஜன்னல் மேல் இருந்தவர்கள் கட்டையைத் தட்டினார்கள். முன் வரிசையில் ஒரு வாத்தியார் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். சுபிதா ரிசீவரைப் பிடித்தபடி நின்றாள். அடுத்த வசனம் போய்விட்டது. அந்தோணி திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தான். அவளுக்குக் கேட்கவில்லை. "மேடம்! மேடம்!" என்று இன்னும் இரண்டு குரல்.

வாயைத் திறக்காதே என்று மேடம் சொல்லியிருந்தார். அது எனக்கு நினைவிருந்தது. ஆனால் கால் நடந்துவிட்டது. சுபிதாவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். மைக் தேவைப்படவில்லை.

"போஸ்டர்ல அந்த வரியெ எழுதினது நான். நம்ம காலேஜ்ல உள்ள ஆருக்க கதையும் இது இல்ல. போன வருஷம் பதினொரு பேருதான் வந்தாங்க. இந்தத் தடவ ஆளு வரணும்னு பொய் எழுதினேன்."

சத்தம் அடங்கியது. ஜன்னலிலிருந்து ஒருவன் கேட்டான்:

"அப்ப எங்கள ஏமாத்தினியா?"

"ஆமா" என்றேன். "அதுக்காக வந்தவங்க இப்பவே போலாம். மூணே முக்கால் பஸ் கிடைக்கும்."

ஊளையிட்டார்கள். சிரித்தார்கள், இந்தத் தடவை என்னைப் பார்த்து. நாற்காலிகள் கரகரவென்று நகர்ந்தன. ஜன்னல்கள் காலியாகி வெளிச்சம் வந்தது. போனவர்கள் போக, பாதிக்குக் கொஞ்சம் மேலே மிச்சம் இருந்தார்கள். சுபிதா மூக்கைத் துடைத்துவிட்டு, "எப்ப வாறிய?" என்று முதலிலிருந்து தொடங்கினாள். யாரும் குரல் கொடுக்கவில்லை. கடைசிக் காட்சி முடிந்து விளக்கு எரிந்த பிறகும் கொஞ்ச நேரம் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நல்ல நாடகம் அது. நான் எந்த வரியும் சேர்க்காமலே இருந்திருக்கலாம் என்று சொல்ல ஆசைதான். சேர்க்காமலிருந்தால் அவர்கள் வந்திருக்க மாட்டார்கள் என்பதும் தெரியும்.

"உனக்கு வேற நேரம் கிடைக்கல்லியா?" என்று மட்டும் கேட்டான் அந்தோணி. அதற்குப் பிறகு கிறிஸ்துமஸ் வரை என்னிடம் பேசவில்லை.

மறுநாளிலிருந்து எனக்குப் பெயர் 'போஸ்டர்'. நான் வகுப்புக்குள் நுழைந்தால், "உண்மைக் கதை வந்தாச்சு" என்பார்கள். கேன்டீனில், சைக்கிள் ஷெட்டில், பஸ்ஸில்கூட. பேசுவதற்கு அவர்களுக்கு நான் கிடைத்துவிட்டேன். ஒரு வாரத்தில் லைப்ரரி பழையபடி காலி. மின்விசிறிக்குக் கீழே எம்.ஏ. அண்ணன் திரும்பவும் தூங்கினார். இது நான் திட்டம் போட்டுச் செய்ததில்லை. அப்படி ஆனது.

மேடம் என்னிடம் பேசுவதில்லை. புத்தகத்தை வாங்குவார், தேதி சீல் அடிப்பார், தள்ளி வைப்பார்.

மார்ச்

ஹால் டிக்கெட் வாங்க லைப்ரரி கையெழுத்து வேண்டும். நான் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் மேடம் என் பேப்பரை எடுத்து, லெட்ஜரைப் புரட்டி, பேனா மூடியைத் திறந்தார். பிறகு நிமிர்ந்து, ஏதோ புத்தகத்தைப் பற்றிக் கேட்பது போலக் கேட்டார்:

"அந்த நாடகத்துல கடைசியில அவன் வந்தானா?"

நான்கு மாதத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"இல்ல மேடம். வரல்ல."

கொஞ்சம் யோசித்தார். "வந்திருந்தாம்னா பிறவு என்ன செய்வாளாம்? அத எழுதச் சொல்லு அந்தப் பையன்ட்ட."

கையெழுத்துப் போட்டுத் தந்தார். "அடுத்தது ஆரு?"

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அந்தோணியிடம் சொன்னேன். அதற்குள் நாங்கள் பேசத் தொடங்கியிருந்தோம். வெயிலில் முகத்தைச் சுருக்கிக்கொண்டு நின்றான். ஒரு பஸ் வந்து போனது.

"அவன் வந்த பிறவு உள்ள கதெயா?" என்றான். "அது எனக்குத் தெரியாதே மக்கா. மேடம் எதுக்கு அதக் கேக்குது?"

எனக்குத் தெரியும். சொன்னால் அவன் எழுதிவிடுவான் என்பதும் தெரியும். முந்தையதைவிட நன்றாகவே எழுதுவான்.

"எனக்கும் தெரியாது" என்றேன். நெய்யூர் பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.